சமிக்ஞை விளக்குகளும் சாரதிகளின் சந்தேகங்களும்

சாலைச் சந்திப்பிலே சிவப்பு விளக்கின் முன்னால் நிறுத்தப்பட்ட மனிதன் தத்துவ விசாரத்தில் இறங்குவது அபூர்வம். பெரும்பாலும் அவன் துப்பறிவாளனாகிவிடுகிறான். குறுக்குச் சாலையில் ஒரு வாகனமும் வராதபோது தன்னை நிறுத்தி வைத்திருப்பது யார், பச்சை விளக்கு தன் பக்கத்துக்கு மட்டும் சுருங்கிப் போனதன் அந்தரங்கம் என்ன, மஞ்சள் விளக்கு இமைப்பொழுதில் மறைந்து அபராத நோட்டீஸ் கைப்பேசிக்கு வந்து சேர்வதில் ஆதாயம் யாருக்கு என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் எழுந்து, அடுத்த பச்சை விழுவதற்குள் அவன் மனத்தில் ஒரு வழக்கே தயாராகிவிடுகிறது. அந்த வழக்கை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வாதியின் ஆத்திரத்தை அலட்சியம் செய்யாமலும், பிரதிவாதி வாய் பேசாத கம்பம் என்பதனால் அதைக் குற்றவாளியென்று அவசரப்பட்டுத் தீர்மானித்துவிடாமலும், எந்தச் சந்தேகம் கணக்கை அறியாமையால் எழுவது, எந்தச் சந்தேகம் மெய்யான ஒரு குறையைத் தவறான பெயரிட்டு அழைப்பது, எந்தச் சந்தேகம் உலகில் எங்கேனும் நிரூபணமாகியிருப்பது என்று வகுத்துப் பார்ப்போம்.

களம்

காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 29 ஆம் தேதி தனி மாவட்டமான செங்கல்பட்டு, சென்னையின் தெற்கு வாசலாக அமைந்த பூமி. இங்கே வடக்கு தெற்காக மூன்று பெரும்பாதைகள் ஓடுகின்றன: மேற்கே தாம்பரத்திலிருந்து வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாகச் செங்கல்பட்டைத் தொடும் ஜி.எஸ்.டி. சாலை, நடுவே கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக இறங்கும் பழைய மாமல்லபுரம் சாலை, கிழக்கே கோவளம், திருவிடந்தை வழியாகக் கடலை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை. இவற்றைக் குறுக்கே இணைக்கும் பாதைகளில் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையும், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையும் முக்கியமானவை. பின்னது கடற்கரையை நெருங்கும் பூஞ்சேரி கூட்ரோட்டில் மற்ற இரு சாலைகளின் போக்குவரத்தும் வந்து கலக்கிறது.

இந்தப் பாதைகளில் நடமாடும் ஜனங்கள் ஒரே தன்மையினரல்லர். ஜி.எஸ்.டி. சாலையில் காலையும் மாலையும் தொழிற்சாலைப் பஸ்களும் கல்லூரிப் பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஷேர் ஆட்டோக்களும் எண்ணிறந்த இருசக்கர வாகனங்களும் நெருக்கியடிக்கின்றன; பண்டிகை விடுமுறை முடிந்து தென்னாடே சென்னைக்குத் திரும்பும் இரவுகளில் பரனூர் சுங்கச்சாவடி தொடங்கி வாகனங்கள் ஊர்ந்து செல்வது பத்திரிகைகளின் வருஷாந்தரச் செய்தியாகவே ஆகிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கோ சனி ஞாயிறும் காணும் பொங்கலுமே சோதனைக் காலம். மற்ற நாட்களில் அங்கே விரைவாகச் செல்வதே வழக்கமாயிருப்பதனால், இடையில் வந்து நிற்கும் சிவப்பு விளக்கு அங்கே ஓர் அவமதிப்பாகத் தோன்றுகிறது. நேர்வழியே செல்பவன், குறுக்கே கடக்கும் நாலு பேருக்காகத் தன்னைப் போன்ற நானூறு பேர் நிற்பதாக நினைக்கிறான். குறுக்கே கடப்பவனோ, தன் ஊரைக் கிழித்துக்கொண்டு போட்ட சாலையில் வெளியூர்க்காரனுக்கே எல்லாப் பச்சையும் போய்விடுவதாக எண்ணுகிறான். ஒரே கம்பத்தைப் பற்றி இருவர் கொள்ளும் சந்தேகம் நேர் எதிரானது. ஆத்திரத்தில் மட்டும் இருவரும் சமானம்.

எனக்கு மட்டும் எப்போதும் சிவப்பா?

சந்தேகங்களில் மிகப் பரவலானது, தான் வரும்போதெல்லாம் சிவப்பே விழுகிறது என்பது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள். ஏனெனில் புகார் பெரும்பாலும் உண்மை. நான்கு சாலைகள் கூடும் இடத்தில் ஒவ்வொரு சாலைக்கும் முறை வைத்துச் சமமாகப் பச்சை கொடுத்து, ஒரு முழுச் சுற்றுக்கு 120 விநாடி என்று வைத்தால், எந்தச் சாலைக்கும் பச்சை ஏறத்தாழ 30 விநாடி. மீதி 90 விநாடியும் அச்சாலைக்குச் சிவப்பே. ஆகவே அகஸ்மாத்தாக வந்து சேரும் வாகனம் நாலு தடவையில் மூன்று தடவை நிற்கத்தான் வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பின்றி இயங்கும் இத்தகைய ஐந்து சிக்னல்கள் ஒரு பாதையில் வரிசையாக இருப்பின், ஐந்திலும் பச்சையே கிடைக்கும் பாக்கியம் 1,024 பயணங்களில் ஒன்றுக்கே வாய்க்கும். இதில் சதி ஏதுமில்லை. வகுத்தல் கணக்கின் விளைவே இது.

இதற்கு மேல் மனத்தின் குறும்பும் ஒன்று சேர்கிறது. பச்சையில் கடந்த சந்திப்பு நினைவில் தங்குவதில்லை. நின்ற சந்திப்போ நெடுநேரம் கண்முன் இருக்கிறது. பக்கத்து வரிசையே எப்போதும் விரைவாகப் போவதாகத் தோன்றும் மயக்கத்தை ஆராய்ந்து, கனடாவைச் சேர்ந்த வைத்தியர் ஒருவரும் புள்ளியியலாளர் ஒருவரும் 1999 இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார்கள்: நாம் பிறரை முந்தும்போது பல வண்டிகளைச் சில கணங்களில் கடந்துவிடுகிறோம், பிறர் நம்மை முந்தும் காட்சியையோ நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அதன் சாராம்சம். சிவப்பு விளக்கின் விஷயமும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே.

“அப்படியானால் சிக்னல்களை ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றில் புறப்பட்டவனுக்கு அடுத்ததிலும் பச்சை கிடைக்கும்படி செய்யலாகாதா?” என்று கேட்பவர் உண்டு. செய்யலாம், ஆனால் அந்த உபகாரம் பெரும்பாலும் ஒரு திசைக்கே கிட்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கூட்டம் 300 மீட்டருக்கு அப்பாலுள்ள சந்திப்பை 27 விநாடியில் அடைகிறது. ஆகவே இரண்டாவது விளக்கு முதலாவதைவிட 27 விநாடி பிந்திப் பச்சையாக வேண்டும். எதிர்த்திசையில் அங்கிருந்து அப்போது புறப்படுபவர்கள் முதலாவது சந்திப்புக்கு வருகையில் 54 விநாடி கழிந்து, அங்கே 30 விநாடிப் பச்சை முடிந்து சிவப்பு விழுந்திருக்கும். இரு திசையாருக்கும் ஒருங்கே நன்மை கிடைக்க வேண்டுமானால், 120 விநாடிச் சுற்றில் சந்திப்புகள் சுமார் 670 மீட்டர் இடைவெளியில் ஒழுங்காக அமைந்திருக்க வேண்டும். ஆனால் நம் சந்திப்புகள் கோவிலும் சந்தையும் ரயில்வே கேட்டும் எங்கே இருந்தனவோ அங்கே தோன்றியவை. காலையில் சென்னை நோக்கிச் செல்பவனுக்கு வழிவிடும் ஏற்பாடு, அதே நேரத்தில் செங்கல்பட்டு நோக்கிச் செல்பவனுக்கு வஞ்சனையாகத் தோன்றுவதன் ரகசியம் இதுவே.

காத்திருப்பு நீள்வதேன்?

அடுத்த சந்தேகம், சுற்றை வேண்டுமென்றே நீட்டி வைத்திருக்கிறார்கள் என்பது. இங்கே பிரிட்டிஷ் சாலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் என்பவர் 1958 இல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது. இந்திய சாலைக் காங்கிரஸ் 1985 இல் வெளியிட்ட 93 ஆம் எண் வழிகாட்டியும் அவர் முறையையே தழுவியது. ஒரு சாலையிலிருந்து மற்றொரு சாலைக்குப் பச்சை மாறும் ஒவ்வொரு தடவையும், நின்றவர்கள் கிளம்புவதிலும் நடுவில் அகப்பட்டவர்கள் விலகுவதிலும் சில விநாடிகள் ஒருவருக்கும் பயன்படாமல் வீணாகின்றன. அதை நாலு விநாடி என்று கொண்டால், நான்கு சாலைச் சந்திப்பில் ஒரு சுற்றுக்கு 16 விநாடி நஷ்டம். 60 விநாடிச் சுற்றில் இது கால் பங்குக்கும் அதிகம். 160 விநாடிச் சுற்றில் பத்தில் ஒரு பங்கே. ஆகவே நெரிசல் ஏற ஏறச் சுற்றை நீட்டுவதுதான் சாலையை அதிகமாகப் பயன்படுத்தும் வழி.

வெப்ஸ்டரின் சூத்திரம் இதை அளவோடு சொல்கிறது. வீணாகும் மொத்த விநாடிகளை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டி, சாலையின் கொள்ளளவில் இன்னும் மிச்சமிருக்கும் பின்னத்தால் வகுத்தால் உத்தமமான சுற்று கிடைக்கும். கொள்ளளவில் பத்தில் ஏழு பங்கு நிரம்பியிருந்தால் சுற்று ஏறத்தாழ 97 விநாடி. எட்டுப் பங்கு நிரம்பினால் 145. ஒன்பது பங்கு நிரம்பினால் 290. வாகனக் கூட்டம் சிறிதளவு கூடும்போது காத்திருப்பு பன்மடங்கு கூடுவது இவ்விதமே. கடைசியிலே சூத்திரமே கைவிரித்துவிடும், ஏனெனில் கொள்ளளவுக்கு மேல் வாகனம் வருமானால் எந்த விளக்கும் எவரையும் காப்பாற்றாது. நெடுஞ்சிவப்பைக் கண்டு சினப்பவர், தம்மைத் தாமதப்படுத்தியவர்களில் பெரும்பாலோர் தம்மைப் போலவே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை உணர்வது நலம்.

பழைய கணக்கும் புதிய கூட்டமும்

இதுவரை சிக்னலுக்காக வாதாடினோம். இனி எதிர்த்தரப்பின் நியாயத்தைக் கேட்போம். மேற்கண்ட சூத்திரம் பலிக்க வேண்டுமானால் எத்தனை வாகனம் எத்திசையில் வருகிறதென்ற கணக்கு மெய்யாக இருக்க வேண்டும். நேரம் நிர்ணயித்து விட்ட சிக்னல் கண்ணில்லாதது. யாரோ ஒரு நாள் எண்ணிக் கொடுத்த எண்ணிக்கையை நம்பி வருஷக்கணக்கில் அதே தாளத்தைப் போட்டுக்கொண்டிருப்பது. ஊரோ அப்படி ஒரே நிலையில் நிற்பதில்லை. மறைமலைநகரில் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை 2022 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியபோது, ஷிப்டு மாறும் வேளைகளில் அச்சாலையில் நிகழ்ந்த ஏற்ற இறக்கமும் மாறியிருக்க வேண்டும். கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30 ஆம் தேதி திறக்கப்பட்டு, கோயம்பேட்டிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்த தென் மாவட்ட பஸ்கள் இங்கே மாறியபோது, அவற்றோடு பயணிகளை ஏற்றியிறக்கும் ஆட்டோக்களும் கார்களும் நகரப் பஸ்களும் வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் குவிந்தன. ஒரு தொழிற்சாலை மூடப்படுவதும் ஒரு பஸ் நிலையம் திறக்கப்படுவதும் சாலையின் ஜாதகத்தையே மாற்றும் சம்பவங்கள். அத்தகைய ஒவ்வொரு மாற்றத்தோடும் சிக்னலின் கணக்கும் திருத்தப்படாவிடில், வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வைக்கப்பட்டவனின் கோபத்தை அறியாமை என்று தள்ள முடியாது.

இரண்டாவது குறை, சூத்திரம் பிறந்த தேசத்துக்கும் அது வாழ வந்த தேசத்துக்கும் உள்ள பேதம். கார்கள் வரிசை பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் சாலைகளைக் கண்டு எழுதப்பட்ட கணக்கு அது. இங்கே சிவப்பு விழுந்தவுடன் இருசக்கர வாகனங்கள் இண்டு இடுக்குகளில் புகுந்து முன்வரிசைக்கு வந்து நிறுத்தக் கோட்டையும் தாண்டி நிற்கின்றன. இடப்பக்கம் தடையின்றித் திரும்ப வேண்டிய வழியை நேரே செல்லும் வண்டி அடைத்துக்கொள்கிறது. சந்திப்பைக் கடந்தவுடனே பஸ் நிறுத்தமும், அதையொட்டி ஷேர் ஆட்டோக்களின் நிலையும் இருப்பதனால், பச்சை கிடைத்தும் முன்னே செல்ல இடமில்லை. பச்சையின் பாதி இவ்வாறு வீணாகும்போது, பின்னால் நிற்பவன் பச்சையின் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறான். குறைந்தது நேரமல்ல, அந்த நேரத்தின் பயன். அதைக் குறைத்தவர்களோ பஸ் நிறுத்தத்துக்கு இடம் குறித்தவர்களும், இடுக்கில் புகுந்தவர்களும், ஏன், சில நாட்களில் நாமும்தான்.

மஞ்சள் விளக்கும் அபராதமும்

சந்தேகங்களில் மிகக் கடுமையானது பணத்தைப் பற்றியது. 2019 இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது சிவப்பு விளக்கை மீறுவது அபாயகரமாக ஓட்டுதல் என்ற பிரிவின் விளக்கத்துக்குள் சேர்க்கப்பட்டது; மின்னணுக் கருவிகளால் சாலையைக் கண்காணிக்கவும் அத்திருத்தம் வழி செய்தது; தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. அது முதல், மஞ்சளைச் சுருக்கி வைத்துக் கேமராவுக்குத் தீனி போடுகிறார்கள் என்ற பேச்சு டீக்கடைகளில் சகஜமாகிவிட்டது.

இச்சந்தேகத்தை முற்றிலும் பொய்யென்று ஒதுக்க முடியாதபடி உலக சரித்திரத்தில் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் சிவப்பு விளக்குக் கேமராக்கள் மஞ்சள் நேரம் மூன்று விநாடிக்கும் சற்றுக் குறைந்திருந்தபோதும் அபராதம் விதித்தன என்பது 2014 இல் வெளியாயிற்று. அந்தக் கேமரா ஒப்பந்தத்துக்காக லஞ்சம் வாங்கிய நகராட்சி அதிகாரியொருவர் 2016 இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பணமும் விளக்கும் ஒரே கையில் சேரும்போது விபரீதம் நேரக்கூடும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் ஒருவரும் கெட்ட எண்ணம் கொள்ளாமலே மஞ்சள் விளக்கு அநீதி இழைக்கக்கூடும் என்பது இதைவிடக் கவனிக்கத்தக்கது. 1960 இல் காஸிஸ், ஹெர்மன், மாரதுதின் என்னும் மூவர் எழுதிய ஆராய்ச்சியொன்று இதைக் கணிதமாகவே நிறுவியது. கிழக்குக் கடற்கரைச் சாலை போன்றதொரு பாதையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் மஞ்சளைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி எடுத்து, பின்பு அபாயமில்லாத அளவில் வேகத்தைக் குறைத்தால் நிற்பதற்கு ஏறத்தாழ 104 மீட்டர் வேண்டும். மஞ்சள் மூன்றே விநாடியாயின் அதே வேகத்தில் அவர் அதற்குள் கடக்கக்கூடியது ஏறத்தாழ 67 மீட்டர். ஆகவே கோட்டுக்கு 67 முதல் 104 மீட்டருக்குள் இருக்கும்போது மஞ்சளைக் கண்டவர் ஒழுங்காக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கடக்கவும் முடியாது. எதைச் செய்தாலும் குற்றவாளி. அந்த வேகத்துக்கு மஞ்சள் ஐந்து விநாடிக்குச் சமீபமாக இருப்பதே தர்மம். நகரத்தின் மந்தமான சந்திப்புக்குப் போதுமான மஞ்சளை நெடுஞ்சாலைக்கும் பொதுவாக வைத்துவிட்டால், அதுவே பொறியாகிவிடுகிறது. அனுமதித்த வேகத்தை மீறியவருக்கு இந்த வாதம் முழுப் பாதுகாப்பாகாது என்பதும் உண்மையே.

நம் நாட்டில் 2021 ஆகஸ்டில் வகுக்கப்பட்ட விதி, கண்காணிப்புக் கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டுமென்றும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமென்றும், கேமரா இருப்பதை எச்சரிக்கைப் பலகையால் அறிவிக்க வேண்டுமென்றும், நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டுமென்றும் கூறுகிறது. கேமராவின் கண் சரியானதென்று இச்சான்று காட்டும். மஞ்சள் அந்தச் சாலையின் வேகத்துக்குப் போதுமானதா என்பது வேறு கேள்வி. நோட்டீஸோடு மஞ்சள் எத்தனை விநாடி எரிந்ததென்பதையும் குறித்து அனுப்பினால், நூறு மேடைப் பேச்சால் தீராத சந்தேகம் ஒரு வரியில் தீரும்.

கம்பத்துக்குப் பின்னால் ஒரு கை

யாரோ பின்னாலிருந்து ஆட்டி வைக்கிறார்கள் என்ற எண்ணமும் அடியோடு கற்பனையன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2006 இல் சம்பளத் தகராறின்போது போக்குவரத்து இஞ்சினியர்கள் இருவர் கம்ப்யூட்டர் வழியாக நாலு முக்கியச் சந்திப்புகளின் விளக்குகளைக் குலைத்துவிட்டு, பின்பு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நியூயார்க்கில் பாதசாரிகள் அழுத்தும் பொத்தான்கள் 3,250 இல் 2,500 க்கு மேற்பட்டவை வேலை செய்யாதவை என்று 2004 இல் வெளிவந்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வந்த பிறகு அவற்றைத் துண்டித்தவர்கள் கழற்றாமல் விட்டுவிட்டார்கள். மனிதனுக்கு ஒரு பொத்தானைக் கொடுத்து, அதற்கு ஒரு சக்தியும் இல்லாதிருந்ததை அவன் பின்னர் அறிந்தால், மற்ற விளக்குகளையும் அவன் நம்ப மறுப்பதில் வியப்பென்ன?

நம்மிடத்தில் பின்னாலுள்ள கை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்த கைதான். கம்பத்தடியிலுள்ள பெட்டியைத் திறந்து சிக்னலை மேனுவலுக்கு மாற்றிக்கொண்டு, வெயிலிலும் புகையிலும் நின்றபடி போலீஸ்காரர் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து விளக்கைப் போடுகிறார். விழாக் காலத்திலும் விபத்து நேர்ந்த சமயத்திலும் இது இன்றியமையாதது. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோதும், 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை அங்கே செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் இச்சாலைகளில் இயந்திரத்தின் தாளத்தைக் காட்டிலும் மனிதரின் உத்தரவே மேலோங்கியிருந்தது. ஆயினும் அன்றாடச் சந்திப்பில் இம்முறைக்கு ஒரு தோஷம் உண்டு. அவர் கண்ணுக்கு எதிரேயுள்ள வரிசை தீரும் வரையில் பச்சையை விட்டு வைப்பது மனித சுபாவம். வரிசையின் வால் பகுதி சிதறலாக வருகையில் பச்சை பாதி பலனே தருகிறது. அதற்குள் அவர் முதுகுப் பக்கத்து வரிசை வளர்ந்து முந்தைய சந்திப்பையே அடைத்துவிடுகிறது. மறந்துவிட்டார்கள் என்று அங்கே நிற்பவர் முணுமுணுப்பது ஒருவகையில் சரி.

விநாடிகளை இறங்குமுகமாகக் காட்டும் டைமர் பொய் சொல்லுகிறது என்ற புகாருக்கும் விடை இங்கேயே உள்ளது. நிர்ணயித்த நேரப்படி ஓடும் சிக்னலில் மட்டுமே டைமரால் எதிர்காலத்தைச் சொல்ல முடியும். மேனுவலுக்கு மாறினாலும், வாகனங்களை உணர்ந்து தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னலானாலும், மிச்சமுள்ள நேரம் அதற்கே தெரியாது. ஆகையால் எண் தாவும், நிற்கும், அல்லது அணைந்து போகும். காத்திருப்பின் மனோதத்துவத்தைப் பற்றி 1985 இல் எழுதிய டேவிட் மைஸ்டர், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், அநியாயமாகத் தோன்றும் காத்திருப்பும் உள்ளதைவிட நீண்டு தெரியும் என்றார். மூன்றும் ஒரே இடத்தில் கூடுவது நம் சிக்னலின் விசேஷம்.

வழக்கில் பேசாத கட்சி

சாரதிகளின் வழக்கில் சாட்சிக் கூண்டுக்கே வராத ஒருவர் உண்டு: அவர் நடந்து கடப்பவர். ஒரு வாகனமும் கடக்காத சிவப்பை வீண் என்று நினைப்பவர், அந்த விநாடிகள் யாருக்காக ஒதுக்கப்பட்டவை என்று பார்ப்பதில்லை. மேற்சொன்ன சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி, பாதசாரி விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாகவும் அதற்கு முன்னே 7 விநாடி அவர் அடியெடுத்து வைக்கத் தேவையென்றும் கொள்கிறது. ஜி.எஸ்.டி. சாலையைப் போன்ற 30 மீட்டர் அகலப் பாதையை ஒரே மூச்சில் கடக்க இக்கணக்கின்படி 32 விநாடி வேண்டும்; குழந்தையின் கையைப் பிடித்த தாய்க்கும் முதியவருக்கும் அதுவும் போதாது. சிக்னலை எடுத்துவிட்டு நடுத்தடுப்பை மூடி ‘யூ-டர்ன்’ வைக்கும் ஏற்பாடு வாகனக்காரனுக்குச் சிவப்பை நீக்குகிறதென்பது மெய். நடந்து கடப்பவருக்கோ ஒருபோதும் பச்சை கிடைக்காத சாலையை அது சிருஷ்டித்துவிடுகிறது.

பொறுப்பு யாருடையது?

சந்தேகங்கள் அனைத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது, அவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே என்பது புலனாகும். தன்னை நிறுத்திய விளக்கின் நேரத்தை நிர்ணயித்தவர் யார் என்று கேட்டறிய வாகனக்காரனுக்கு வழியில்லை. ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் பொறுப்பு, அதற்குத் தெற்கே தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் வேலை. குறுக்குச் சாலைகளில் மாநில நெடுஞ்சாலைத் துறையும் உள்ளாட்சிகளும். காவலிலோ மாவட்டத்தின் வடபகுதி 2022 ஜனவரியில் தொடங்கிய தாம்பரம் மாநகரக் காவலிடமும், தென்பகுதி செங்கல்பட்டு மாவட்டக் காவலிடமும். சாலை ஒருவருடையது, கம்பம் ஒருவருடையது, மின்சாரம் ஒருவருடையது, பெட்டியின் சாவி ஒருவருடையது, அபராதம் மற்றொருவருடையது. முற்காலத்தில் நாற்சந்தியிலே மேடைமேல் நின்று கைகாட்டிய போலீஸ்காரர் நம்மை நிறுத்தினால், அவர் நம்மைப் பார்த்துத்தான் நிறுத்தினார் என்ற திருப்தியாவது இருந்தது. லண்டனில் 1868 டிசம்பரில் பார்லிமெண்டுக்கு முன்னால் நட்ட முதல் எரிவாயுச் சிக்னல் விளக்கும்கூட ஒரு போலீஸ்காரரின் கையாலேயே இயங்கியது. இன்றைய கம்பத்துக்கு முகமில்லை. முகமில்லாத அதிகாரத்துக்குச் சதிகாரன் என்ற முகத்தை ஜனங்கள் தாமே வரைந்துகொள்கிறார்கள்.

ஏரிகள் நிறைந்த இந்தச் செங்கல்பட்டுச் சீமைக்கு, பொதுவான ஒன்றை முறை வைத்துப் பங்கிடும் வித்தை புதிதன்று. மதகைத் திறப்பவர் இன்னார், இன்று தண்ணீர் பாயும் வயல் இன்னாருடையது, முறை தவறினால் கேட்க வேண்டிய இடம் இன்னது என்பது குடியானவனுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஏரி வாரியம் என்று ஒரு சபைக் குழுவையே குறிப்பிடுகிறது. தண்ணீர்ச் சண்டைகள் அக்காலத்திலும் நடந்திருக்கும். ஆனால் யாரோடு சண்டையிடுவது என்பதில் எவருக்கும் மயக்கமிருந்திராது.

தாமே உணர்ந்து நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல்கள் வந்தால் இக்குறைகள் யாவும் தீரும் என்பது இன்றைய நம்பிக்கை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1970-களிலேயே அத்தகைய முறை உருவாயிற்று. நம் நாட்டுக் கலப்புப் போக்குவரத்துக்கென்று திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் ஒன்றை வகுத்திருக்கிறது. சென்னையிலும் இத்தகைய சிக்னல்கள் புகுந்துவிட்டன. அவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் கொள்ளளவுக்கு மேற்பட்ட கூட்டத்தை எந்தப் புத்திசாலி இயந்திரத்தாலும் கரைக்க முடியாது என்பதையும், கணந்தோறும் மாறும் சிக்னல் நிலையான சிக்னலைவிட அதிகச் சந்தேகத்தை விளைவிக்கும் என்பதையும் மறக்கலாகாது. ஏன் நின்றோம் என்று சொல்லாத பழைய கம்பத்தின் இடத்தில், ஏன் நின்றோம் என்று சொல்லவே முடியாத புதிய கம்பம் வந்தால் அது முன்னேற்றமாகாது.

ஆதலால் முதலில் செய்யத்தக்கது செலவு குறைந்த காரியம். ஒவ்வொரு சிக்னல் கம்பத்திலும் கையளவு தகடு ஒன்றைப் பதித்து, அதன் சுற்று எத்தனை விநாடி, இந்தச் சாலைக்குரிய பச்சையும் மஞ்சளும் எத்தனை, வாகனங்களை எண்ணி அக்கணக்கைக் கடைசியாகத் திருத்திய தேதி எது, அதற்குப் பொறுப்பான அலுவலகம் எது என்ற நான்கு விவரங்களைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். கணக்கு தெரிந்தவன் அதைப் படித்துச் சமாதானமடைவான். குறையைக் கண்டவன் உரிய இடத்துக்கு எழுதுவான். தேதி மிகப் பழையதாயிருந்தால் அலுவலகமே வெட்கப்படும். அத்தகடு பொருத்தப்பட்ட பிறகும் ஒருவர் சதி என்று கூறுவாரானால் அவர் அதை நிரூபிக்கக் கடமைப்பட்டவர். அது பொருத்தப்படாதிருக்கும் வரையில், நேரத்தை நிர்ணயித்தவர்களே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.